என் தம்பி நூல் விட்ட கதை

என் தம்பியை அவன் வேலை பார்க்கும் கட்டடங்களில் எல்லோரும் ‘மேல்மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை மேலே இழுக்கிற மோட்டார் மொட்டைமாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கும். பாதி நாள் இவனும் அங்கேதான் இருப்பான். குடியிருப்பதும் எங்கள் கட்டடத்தின் கடைசி மாடியில். அதனால் வைத்த பெயர் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். மேல்மாடி காலி என்ற அர்த்தத்தில் வைத்தது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவன் மனதை எதற்குப் புண்படுத்த வேண்டும்?

நான் அவனுக்கு அக்கா. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கிறது என்று சொல்வார்கள். நாள் முழுக்க ஆவியில் நின்று ஊரார் சட்டைக் காலரைத் தேய்த்துப் பாருங்கள், உங்களுக்கும் இருக்கும்.

தம்பிக்குக் கோபமே வராது. அவனிடம் இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், எதையும் இறுக்குவது. நட்டு, போல்ட்டு என்று இறுக்கிப் பழகிய கை. என் வீட்டுக்கு வந்து குழாயை மூடிவிட்டுப் போனால் மறுபடி திறக்க என் வீட்டுக்காரர் வர வேண்டும். சர்க்கரை டப்பாவை மூடிவிட்டுப் போனால் அன்றைக்கு எங்களுக்குச் சர்க்கரை இல்லாத டீதான். தன் குழந்தையைத் தூக்கினால்கூட இறுக்கிக் கட்டிக்கொள்வான். மூச்சு முட்டுதுடா என்று நான்தான் பிரித்துவிடுவேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. எங்கள் எல்லோருக்கும் பாப்பா. வேறு ஊரில் அம்மாவோடு இருக்கிறாள். என் தம்பியும் அவன் மனைவியும் பிரிந்ததற்குக் குடி, அடிதடி, சந்தேகம் என்று வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணம் கிடையாது. லிஃப்ட்தான் காரணம். பாப்பாவின் பிறந்தநாளுக்கு வந்துவிடுகிறேன் என்பான், எங்கேயோ யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். பள்ளிக்கூட விழாவுக்கு வருகிறேன் என்பான், இன்னொருத்தர் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் அது நிஜம். மாட்டியவர்களில் ஒருத்தி என்னோடு வேலை பார்ப்பவள். ஆனால் ஒரே நிஜத்தை ஒரு குழந்தையிடம் எத்தனை தடவை சொல்வது? அவன் என்ன சொன்னாலும் பாப்பா, ‘சும்மா சொல்றீங்க’ என்று சொல்லப் பழகிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வாள்.

இந்தக் குளிர்கால விடுமுறைக்கு அவள் முதல்முறையாக அப்பா வீட்டில் வந்து தங்குவதாக ஏற்பாடு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போனில் தன் வீட்டு அலங்காரத்தை எல்லாம் வர்ணித்திருக்கிறாள். ஜன்னலில் நட்சத்திரம், கதவில் மணி, மூலையில் மரம். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். என் தம்பி வீட்டில் என்ன இருக்கும்? ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கிரீஸ் டப்பா. அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அந்த நேரம் பார்த்து இவன் வேலைக்குப் போன இடத்தில் ஏதோ ஒரு கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறான். உள்ளே கம்பளி நூலில் பின்னிய நட்சத்திரமும் பனிமனிதனும் தொங்கியிருக்கின்றன. வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது.

“எல்லாம் இருக்கு பாப்பா. நட்சத்திரம், மணி, பனிமனிதன் எல்லாம். கடையில வாங்கினது இல்ல. அப்பாவே கையால பின்னினது.”

வழக்கமான ‘சும்மா’ வரும் என்று காத்திருந்தானாம். வரவில்லை. பாப்பா, “நிஜமாவாப்பா?” என்று கேட்டாளாம். அவள் அப்படிக் கேட்டு வருஷக்கணக்கு ஆகிறது. நிஜம்தான் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்து பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான்.

நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன், சட்டைப் பொத்தான் அறுந்தால் செம்புக் கம்பி வைத்து முறுக்குகிறவன், பெற்ற பிள்ளையிடம் இப்படியா ரீல் விடுவான்? என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் கேட்டுப் பழகியவர். அவரே அன்றைக்கு என் சத்தம் தாங்காமல் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பாப்பாவின் அம்மா எனக்கு போன் செய்தாள். அவள் இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், நல்ல பெண்.

“அவ கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டாக்கா, எங்க அப்பா பின்னுவாருன்னு. அங்க வந்து பார்த்து அப்படி எதுவும் இல்லைன்னா, இனிமே அப்பாகிட்ட போய்ட்டு வான்னு நான் அவளைச் சொல்ல மாட்டேன். அவளைச் சமாதானப்படுத்திப் படுத்தி எனக்கும் அலுத்துப்போச்சு.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போனை வைத்துவிட்டு மேலே போய்த் தம்பியிடம் அப்படியே சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. சரி, கழுதை, ஒரு நாலு பொம்மையைக் கடையில் வாங்கி விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு மாட்டு, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நானே வழியும் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

“வாங்கி மாட்டிட்டு நான் பண்ணேன்னு சொன்னா அது பொய்யாயிடும்க்கா.”

“இப்ப சொன்னது என்னவாம்?”

“இது இன்னும் பொய் ஆகல. அவ வர்றதுக்குள்ள பின்னிட்டேன்னா நிஜம்தானே?”

மேல்மாடி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

குரோஷா என்பது இரண்டு நீள ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுகிற வேலை இல்லை. ஒரே ஊசி, அதன் நுனியில் சின்னக் கொக்கி. நூலை அதில் மாட்டி, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கொக்கியும் கயிறும் என்றால் நம் தொழில்தானே என்று தம்பிக்கு ஒரு தைரியம். மொபைலில் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்றான். முதல் நாள் வாங்கி வந்த ஊசி அவன் பிடித்த பிடியில் வளைந்துவிட்டது. அடுத்ததும் வளைந்தது. கடைசியில் ஒரு பித்தளைக் கம்பியை எடுத்து அரத்தால் ராவி, தானே ஒரு ஊசி செய்துகொண்டான். அதை வைத்து ஒரு கதவையே நெம்பித் திறக்கலாம்.

கையில் இருந்த இறுக்கம் பின்னலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு கண்ணியையும் போல்ட்டு முடுக்குவதுபோல முடுக்கினான். அப்படி இறுக்கிப் பின்னினால் தட்டையாக விரிய வேண்டியது விரியாது, விளிம்பு உள்ளே மடங்கிக் குழிந்துவிடும். முதல் நட்சத்திரம் தொப்பியாக வந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, டீ ஆறாமல் இருக்க மூடி வைப்பதற்கா மாப்ளே என்று மரியாதையாகவே கேட்டார். இரண்டாவது நட்சத்திரம் இன்னும் சின்னத் தொப்பி. பனிப்பூ கிண்ணமாக வந்தது. மணி குழிவாக வர வேண்டிய சாமான் இல்லையா, அது மட்டும் எப்படியோ தோசைக்கல் மாதிரி தட்டையாக வந்தது. மரம் பச்சை மிளகாய் போல வந்தது. பனிமனிதனுக்குள் பஞ்சை வைத்து அடித்து அடித்துக் கருங்கல் ஆக்கிவிட்டான். கழுத்தை இறுக்கிக் கட்டியதில் முகம் உப்பி, சபையில் தும்மலை அடக்குகிற ஆள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றது.

நான் சிரிக்கவில்லை. கீழே என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர், சாப்பிட உட்காராமல் அங்கேயும் இங்கேயும் நடந்தார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று பிடுங்கி எடுத்தேன். தம்பியோடு வேலை பார்க்கும் வயர்மேன் அவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, உங்கள் மச்சான் கல்யாணமான ஒரு அம்மாவுக்கு நூல் விடுகிறார் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். தம்பி மோட்டார் அறையில் உட்கார்ந்து போன் பேசியிருக்கிறான். லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த நீளமான குழி இருக்கிறதே, அதில் மேலே முணுமுணுத்தால் கீழே மைக் வைத்ததுபோலக் கேட்கும். குழிக்குள் நின்று வயர் மாட்டிக்கொண்டிருந்தவன் காதில் அட்சரம் பிசகாமல் விழுந்திருக்கிறது. ‘நீங்க சொன்ன மாதிரியே நூல் விட்டுப் பார்த்தேங்க, இன்னும் பிடிபடல, சாயங்காலம் வந்து நேர்லயே விட்டுக் காட்டறேன்.’ மூன்று மாடிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம்.

எந்த அம்மா என்று கேட்டேன். பாலத்துக்குக் கீழே மூலைக்கடை அம்மா என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பெற்ற மகளுக்கு ரீல், அடுத்தவன் பெண்டாட்டிக்கு நூலா? பாப்பா வருகிற நேரத்தில் இந்தக் கூத்து அவள் அம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும்? சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர், நிதானமாகப் பேசு, நிதானமாகப் பேசு என்று படிக்கட்டுவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. கண்ணாடிக் கதவைத் தள்ளினேன், மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயதில் ஒரு அம்மா, கொழுகொழுவென்று, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்டூலில் ஒல்லியாக ஒரு மனிதர் மடியில் எதையோ வைத்துக் குனிந்திருந்தார். புருஷனை வைத்துக்கொண்டே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தன் இங்க வர்றானா?”

“வர்றாரே. தினமும் வேலை முடிஞ்சா நேரா இங்கதான். தங்கமான மனுஷன்.”

“நான் அவன் அக்கா. அவன் உங்களுக்கு நூல் விடறானாமே?”

அந்த அம்மா முகத்தில் ஒரு சின்ன அசைவு இருக்க வேண்டுமே. இல்லை.

“ஆமாங்க, நான்தான் விடச் சொன்னேன். வந்த புதுசுல ஒரே இறுக்கம். இப்படி இருந்தா ஒண்ணும் நடக்காது, கூச்சப்படாம நல்லா நூல் விடுங்கன்னேன். இப்ப பரவாயில்ல.”

மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

“இது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவர் முன்னாடிதானே நடக்குது. ஏங்க, அந்த லிஃப்ட்காரர் எப்படிங்க?”

ஸ்டூலில் இருந்த மனிதர் தலையைத் தூக்காமலே யோசித்துப் பதில் சொன்னார். “ஆசை இருக்கு, கை வரல. அவரைச் சொல்லக் கூடாது. எனக்கே இவகிட்ட ஒழுங்கா நூல் விட ஒரு வருஷம் பிடிச்சுது.”

“புதன்கிழமை சாயங்காலம் நிறைய பேர் வருவாங்க” என்றார் அந்த அம்மா. “ஆம்பளைங்க, பொம்பளைங்க எல்லாரும் கலந்து உட்காருவோம். நீங்களும் வாங்களேன்.”

நான் அந்த மாதிரிக் குடும்பத்துப் பெண் இல்லை என்று சொல்லி மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். மேலே தட்டில் இருந்து ஒரு சிவப்பு நூல் பந்து என் தலையில் விழுந்து, தோளில் பட்டு, உருண்டு கதவுப் பக்கம் போனது. அதன் பின்னாலேயே ஒரு பச்சைப் பந்து. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க நூல். ஸ்டூல் மனிதர் மடியில் பாதி பின்னிய மணி. கையில் கொக்கி ஊசி.

மொபைலில் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று தம்பி எனக்கு ஏன் காது குத்தினான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்து பின்னல் கற்கிறேன் என்றால் நான் கேலி செய்வேனாம். பின்னும் விரலில் நூலை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. அதைத்தான் இவன் அத்தனை பேருக்குக் கேட்கிற குழிக்கு மேலே உட்கார்ந்து அப்படிப் பேசியிருக்கிறான்.

வேறு வழியில்லாமல் வந்த காரணத்தைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று கயிற்றில் ஊஞ்சலாடியது. அவர் கணவர் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த லிஃப்ட்காரர் இனிமேல் நான் இருக்கும்போது மட்டும் வரட்டும் என்றார். நான் அசடு வழிந்துகொண்டே, தேவையே இல்லாமல் இரண்டு பந்து நூல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று தம்பியைப் பிடித்து, உன் பெயர் ஊர் முழுக்க நாறிக் கிடக்கிறது, நாளைக்கே வயர்மேனிடம் போய் நடந்ததைச் சொல்லு என்றேன். அவன் பதறிப்போனான்.

“வேண்டாம்க்கா. நூல் விடறேன்னே நினைச்சுக்கட்டும். பனிமனிதன் பின்னறேன்னு தெரிஞ்சா மானம் போயிடும்.”

என் வீட்டுக்காரர் மறுநாள் வயர்மேனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். வயர்மேன் நம்பவில்லை. கதை விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கேட்டானாம்.

எப்படியோ தம்பி பின்னிக்கொண்டே இருந்தான். வேலைக்கு நடுவில், பஸ்ஸில், சாப்பிட்ட கையைக் கழுவின ஈரம் காய்வதற்குள். விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு பின்னினான். நூல் விடப் பழகிய பிறகு இறுக்கம் கொஞ்சம் குறைந்ததே தவிர, உருவம் எதுவும் உருப்படியாக வரவில்லை. தொப்பியாக வந்தது இப்போது கசங்கிய தொப்பியாக வந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னி, ஜன்னலுக்கு நடுவில் மாட்ட ஒரு பெரிய மஞ்சள் நட்சத்திரத்தை முடித்தான். அதில் ஐந்து முனையும் இருந்தது. ஐந்தும் உள்பக்கம் மடங்கி, ஏதோ ஒரு குழந்தை கையை மூடிக்கொண்டதுபோல இருந்தது. இருந்தாலும் எண்ணிப் பார்த்தால் ஐந்து. அதை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். முகம் அப்படி ஒரு மலர்ச்சி. நன்றாகத்தான் இருக்கிறதுடா என்று சொன்னேன்.

பாப்பா வருகிற அன்று லீவு போட்டிருந்தான். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டார்கள் போல. போனை ஒரு பார்வை பார்த்தான், அப்படியே என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, வயர்மேனை அனுப்பச் சொல்லுங்க மாமா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டைக் கொஞ்சம் பெருக்கி வைப்போம் என்று மேலே போனேன்.

பெருக்கினேன், துடைத்தேன். நிமிர்ந்தால் ஜன்னலில் அந்த மஞ்சள் நட்சத்திரம். எனக்கு ஒரு வியாதி. சுருங்கிக் கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. லேசாக ஒரு தேய் தேய்த்தால் முனை ஐந்தும் விரிந்துவிடாதா, பாப்பா வந்ததும் கண்ணில் படுவது அதுதானே என்று தோன்றியது. கீழே போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்தேன். கம்பளிதானே என்று கம்பளிக்கு வைக்கிற சூடு வைத்து, ஈரத்துணி போட்டு ஒரே ஒரு அழுத்து.

அது கம்பளி இல்லை. கம்பளி என்று பெயர் வைத்து விற்கும் பிளாஸ்டிக் நூல். துணியை எடுத்தால் நட்சத்திரம் பளபளவென்று, உயிர் போன மாதிரி தொங்கியது. பதறிப்போய்த் துணியே இல்லாமல் மறுபடி வைத்தேன். ஒரு முனை பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வீடெல்லாம் தீய்ந்த வாடை. இதை என் தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூல் சுற்றிய தாளில் எழுதி வைக்க வேண்டாமா? எழுதித்தான் இருந்தது, அப்புறம் பார்த்தேன். எறும்பு படிக்கிற எழுத்தில்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிரில் செருப்பைக்கூட மாற்றாமல் மூலைக்கடைக்கு ஓடினேன். அங்கே கண்ணாடிக்குள் அதே அளவில் அந்த அம்மா பின்னிய மஞ்சள் நட்சத்திரம் ஒன்று இருந்தது. எதற்கு என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன், கொடுங்கள் என்று பிடுங்கிக்கொண்டு வந்து மாட்டினேன். தட்டையாக, கத்தரித்து ஒட்டியதுபோல, ஐந்து முனையும் விறைப்பாக. அதற்குப் பக்கத்தில் தம்பி செய்ததெல்லாம் இன்னும் பரிதாபமாகத் தெரிந்தது. வாடை போயிருக்கிறதா என்று நான் மோந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பாப்பா உள்ளே வந்தாள். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நடு வீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தாள். தம்பி அவள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான், கீழே வைக்கத் தோன்றவில்லை. அவள் நேராக ஜன்னலுக்குப் போனாள்.

“எவ்ளோ அழகா இருக்குப்பா! இது நீங்க பண்ணதா?”

தம்பி அந்த நட்சத்திரத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். அவள் தலைக்குப் பின்னால் நின்று, ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு என்று நான் கண்ணையும் தலையையும் ஆட்டி ஆட்டிக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. ஒரு ‘ஆமாம்’ போதும். குழந்தை முகத்தில் இருக்கிற அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கும். அவன் என்னைப் பார்த்தான். மேஜை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தான். மறுபடி மகளைப் பார்த்தான்.

“இல்ல பாப்பா. அது அப்பா பண்ணது இல்ல.”

சிரிப்பு போய்விட்டது. அவளுக்குப் பழகிப்போன அந்த முகம் வந்துவிட்டது. எனக்கு அவனை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது. பெட்டி வைத்துப் பொசுக்கியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டாள்.

பாப்பா கதவில் தொங்கியதைத் தொட்டாள். “அப்ப இது?”

“அது நான் பண்ணது.”

“என்னது இது?”

“மணி.”

“இது?”

“நட்சத்திரம்.”

“இது?”

“அதுவும் நட்சத்திரம்தான். இல்ல, பனிப்பூவோ என்னவோ.”

அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். மிளகாய் மரத்தை நிற்க வைத்தாள், அது சாய்ந்தது. பனிமனிதனைத் தூக்கும்போது கை நழுவிவிட்டது. டொக்கென்று விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார். பாப்பா அந்த உப்பிய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தம்பி பெட்டியை இன்னும் பிடித்துக்கொண்டேதான் நின்றான்.

“இவ்ளோ மோசமா கடையில யாரும் விக்க மாட்டாங்கப்பா” என்றாள்.

“ரொம்ப இறுக்கிட்டேன் பாப்பா” என்றான் அவன்.

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து போய் அந்த அழகான மஞ்சள் நட்சத்திரத்தை ஜன்னலில் இருந்து கழற்றி, என் கையில் கொடுத்தாள். அது இருந்த ஆணியில் தட்டையான மணியை மாட்டினாள். தம்பி அப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்தான். வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, நன்றாக இருந்த ஒரு சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பா என் போனை வாங்கி அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். வந்து சேர்ந்தாயா என்று அம்மா கேட்டிருப்பாள் போல, அதையெல்லாம் இவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“அம்மா, ஒண்ணு கூட நல்லா இல்லம்மா” என்றாள், பெருமை தாங்காமல். “எல்லாமே அப்பாவே பண்ணது.”